கல்லூரி மலையேற்ற மன்றத்தில் சேர்வது எப்படி? செட்டிநாட்டு முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேர்க்கை முடிந்து வகுப்புகள் தொடங்கியதும் காரைக்குடியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைகளில் மன்றங்களின் சுவரொட்டிகள் வரிசையாக ஏறிவிடும். தமிழ் மன்றம், நுண்கலை மன்றம், வினாடி வினா மன்றம் ஆகியவற்றுக்கு நடுவே மலையேற்ற மன்றம், இயற்கை நடைக் குழு, சாகச மன்றம் என ஏதேனும் ஒரு பெயரில் வெளியில் அழைத்துச் செல்லும் அமைப்பு ஒன்றும் இருந்தால், அதன் சுவரொட்டியில் பெரும்பாலும் மேகம் தவழும் மலை ஒன்றின் படம் இருக்கும். அந்தப் படம் கொடைக்கானல் பக்கம் எடுத்ததாக இருக்குமே தவிர, செட்டிநாட்டில் எடுத்ததாக இருக்காது. இங்கே இருப்பவை செம்மண் பொட்டல், கண்மாய், முள்காடு, தைலமரத் தோப்பு, ஆங்காங்கே தலைதூக்கும் பாறைக் குன்றுகள் ஆகியவைதாம். மன்றத்தின் ஓராண்டு வேலையில் பெரும்பங்கு இந்த நிலத்தில்தான் நடக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை போகும் பெரிய மலையை நம்பிச் சேராமல், மாதந்தோறும் போகும் சிறிய நடை எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த ஒரு யோசனையிலிருந்து பிறந்ததே.

முதலில், அது எந்த வகை அமைப்பு என்று அறியுங்கள்

கல்லூரியில் உங்களை வெளியே அழைத்துச் செல்லும் அமைப்புகள் மூன்று நான்கு இருக்கலாம். அவற்றின் நோக்கமும் விதிகளும் வேறு வேறானவை. 1948இல் தொடங்கப்பட்ட தேசிய மாணவர் படையில் அணிவகுப்பும் முகாமும் முதன்மை. மலையேற்ற முகாம்களும் அதில் உண்டு, ஆனால் அதற்குத் தனித் தேர்வு, சீருடை, சான்றிதழ்த் தேர்வு எல்லாம் இருக்கின்றன. 1969இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டும், ஒரு கிராமத்தில் 7 நாள் சிறப்பு முகாமும் உண்டு. அங்கே கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலம் வெட்டுவீர்களே தவிர, குன்று ஏறிக் காட்சி பார்க்கப் போவதில்லை. மலையேற்ற மன்றம் என்பது பெரும்பாலும் மாணவர்களே நடத்துவது; பொறுப்பாசிரியர் ஒருவர் மேற்பார்வை செய்வார். பல கல்லூரிகளில் விரிவாக்கப் பணிக்கான மதிப்பெண் முதலிரண்டில் ஒன்றுக்குத்தான் கிடைக்கும், மன்றத்துக்குக் கிடைக்காது என்பதால், துறை அலுவலகத்தில் இதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, தேவையானால் இரண்டிலும் சேர்ந்துகொள்ளுங்கள். சனிக்கிழமைகள் மோதிக்கொள்ளுமா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இதைவிட முக்கியமான ஒன்று, அந்த மன்றம் கல்லூரியின் ஒப்புதல் பெற்றதுதானா என்பது. நான்கு சீனியர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கி, கல்லூரியின் பெயரைச் சேர்த்துக்கொண்டு, வார இறுதியில் வேன் பிடித்துப் போவதும் உண்டு. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் வழியில் ஒருவருக்குக் கால் முறிந்தால், கல்லூரி நிருவாகம் அந்தப் பயணமே தனக்குத் தெரியாது என்று சொல்லிவிடும். சொல்வதில் நியாயமும் இருக்கும். பொறுப்பாசிரியர் யார் என்று கேளுங்கள். அவரைத் துறையில் நேரில் போய்ப் பார்த்து, முதல்வரின் ஒப்புதல் இருக்கிறதா என்று ஒரு வரி கேளுங்கள். எந்த ஆசிரியரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொண்டால், அதுவே உங்களுக்கு விடை.

அறிமுகக் கூட்டத்தில் கேட்க வேண்டியவை

அறிமுகக் கூட்டத்தில் சென்ற ஆண்டின் படங்கள் திரையில் ஓடும், பாட்டு ஒலிக்கும், கடைசியில் 'ஏதாவது கேள்வி இருக்கா?' என்பார்கள். பெரும்பாலோர் கேட்பது 'கொடைக்கானல் எப்போ அண்ணே?' என்பதுதான். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு.

சென்ற ஆண்டு எந்த நடையையாவது பாதியில் நிறுத்தித் திரும்பினீர்களா, ஏன் திரும்பினீர்கள் என்று கேளுங்கள். மழை வந்தது, ஒரு மாணவிக்கு மயக்கம் வந்தது, வெயில் ஏறிவிட்டது என்று ஏதாவது ஒரு காரணத்தைத் தயங்காமல் சொல்லும் மன்றத்தில் நம்பிச் சேரலாம். 'நாங்க எடுத்த காரியத்தை முடிக்காம வந்ததே இல்லை' என்று மார்தட்டுகிறவர்கள் இன்னும் நன்றாகச் சோதிக்கப்படவில்லை, அல்லது திரும்பியிருக்க வேண்டிய இடத்தில் திரும்பாமல் தப்பித்தவர்கள். அடுத்து, நடக்கும்போது வரிசையின் கடைசியில் யார் வருவார் என்று கேளுங்கள். முன்னால் போகிறவரின் பெயரை எல்லோரும் சொல்வார்கள். கடைசியில் வருகிறவரை முன்கூட்டியே நியமித்திருக்கிறார்களா என்பதில்தான் மன்றத்தின் தரம் தெரியும். பின்தங்கும் புதியவரோடு நடப்பவர் அவர்தான். அவர் வந்து சேரும்வரை முன்வரிசை காத்திருக்க வேண்டும் என்பதே எங்கும் உள்ள விதி. மூன்றாவது, கணக்கு. சந்தாவுக்கு இரசீது உண்டா, பயணச் செலவுக் கணக்கை உறுப்பினர்களுக்குக் காட்டுகிறார்களா என்பதைக் கூச்சமின்றிக் கேட்டுவிடுங்கள்.

இந்தக் கூட்டத்திலேயே சீனியர்களின் பேச்சையும் கவனித்துக்கொள்ளலாம். புதியவர்களைப் பாடச் சொல்லிக் கேலி செய்வது, சுமை தூக்கினால்தான் உறுப்பினர் என்று விரட்டுவது போன்றவை மன்றத்தின் மரபு என்று சொல்லப்பட்டாலும் அவை ராகிங்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள் மன்றத்துக்கும் பொருந்தும். 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் புகார் செய்யலாம்.

சந்தா கட்டும் முன் ஒரு சிறு நடை

உறுப்பினர் ஆவதற்கு முன் ஒருமுறை விருந்தினராக உடன் வர அனுமதி கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் மன்றங்கள் இதை மறுப்பதில்லை. அந்த நடை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், பேருந்தில் அரை மணி நேரம் போய் இறங்கி, ஏதாவது ஒரு கண்மாய்க் கரையைச் சுற்றி வருவதாக இருக்கும். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத நடை என்று தோன்றும். ஆனால் ஒரு மன்றத்தை எடைபோட இதைவிட நல்ல இடம் கிடையாது.

இறங்கியதும் தலைவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நன்கு பழகியவர் ஒவ்வொருவரின் தண்ணீர்ப் பாட்டிலையும் கையில் வாங்கித் தூக்கிப் பார்ப்பார். பாதி காலியாக இருந்தால் பேருந்து நிறுத்தத்துக் கடையிலேயே நிரப்பச் சொல்வார். செருப்பில் வந்தவரை அதட்டாமல், அன்றைக்குக் கரையின் மேல் மட்டும் நடக்கச் சொல்லி, முள்ளிருக்கும் உட்பகுதிக்கு விடமாட்டார். மொத்தம் எத்தனை பேர் என்று வாய்விட்டு எண்ணுவார்; மடையைத் தாண்டியதும் ஒருமுறை, மிகைநீர் வழியும் கலுங்கருகே ஒருமுறை, தைலமரத் தோப்பு முடிந்ததும் ஒருமுறை மீண்டும் எண்ணுவார். இந்த எண்ணிக்கை சலிப்பூட்டும். அது நின்றுபோகும் மன்றத்தில்தான் ஆள் தொலைவார்.

ஊருக்குள் நுழையும்போது அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தையும் கவனியுங்கள். செட்டிநாட்டு ஊர்களில் ஊருணி என்பது குடிப்பதற்காகக் காக்கப்படும் நீர்; பல ஊர்களில் கால் நனைப்பதற்கும் துணி துவைப்பதற்கும் தடை உண்டு. படிக்கட்டைக் கண்டதும் ஓடிப்போய் முகம் கழுவி, காலை நீட்டி உட்கார்ந்து படம் எடுக்கும் வெளியூர் மாணவரை அங்கே குடத்தோடு நிற்கும் பெண்மணியே 'தம்பி, அது குடிக்கிற தண்ணிப்பா' என்று நிறுத்துவார். மன்றத் தலைவர் அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தச் சொல்லுக்கு இடமிருந்திருக்காது. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் திண்ணையில் ஏறி அமர்வதும் அப்படித்தான்; பூட்டியிருந்தாலும் அதற்கு உரிமையாளரும் காவல்காரரும் உண்டு. மன்றத்துக்கு அடுத்த முறை அந்த ஊரில் வரவேற்பு இருக்குமா என்பது இத்தகைய சிறு விஷயங்களில்தான் இருக்கிறது.

நடை முடிந்து திரும்பும்போது உங்களுக்குக் களைப்பு இருக்கலாம், கொஞ்சம் சலிப்பும் இருக்கலாம். பயம் இருந்தது என்றால், அதாவது தனித்து விடப்பட்டதாகவோ அவமானப்படுத்தப்பட்டதாகவோ உணர்ந்தீர்கள் என்றால், அந்த மன்றம் வேண்டாம்.

படிவம், அனுமதி, ஓ.டி.

உறுப்பினர் படிவத்தில் பெயர், துறை, இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண், உடல்நலக் குறிப்பு ஆகியவை கேட்கப்படும். கடைசியாகச் சொன்னதில் மாணவர்கள் மழுப்பிவிடுகிறார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, சர்க்கரை, தேனீ கொட்டினால் வீங்கும் ஒவ்வாமை ஆகியவற்றை எழுதினால் சேர்க்க மாட்டார்களோ என்ற அச்சம் காரணம். எழுதுங்கள். இன்ஹேலர் யார் பையில் இருக்கிறது என்று தெரிந்த குழு உங்களை அழைத்துப் போகும். தெரியாத குழுவோடு நீங்கள் போகக் கூடாது.

முதலாண்டு மாணவர்களில் பலருக்கு 18 வயது நிரம்பியிருக்காது என்பதால் பெற்றோரின் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் இல்லாமல் எந்தப் பொறுப்பாசிரியரும் இரவு தங்கும் பயணத்துக்கு அழைத்துச் செல்லமாட்டார். வீட்டில் பேசும்போது 'ட்ரெக்கிங் போறேன்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் மறுப்புத்தான் வரும். அப்பா கேட்கப்போவது யாரோடு போகிறாய், ராத்திரி எங்கே தங்கல், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்பவை. இந்த மூன்றுக்கும் விடையையும், பொறுப்பாசிரியரின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பேசுங்கள். அப்பத்தாவின் கவலைக்கு மட்டும் தாளில் விடை கிடையாது. திரும்பியதும் முதல் தொலைபேசி அவருக்குச் செய்துவிடுவது நல்லது.

விடுதியில் இருப்பவர்கள் வெளியனுமதிச் சீட்டை, அதாவது அவுட்பாஸை, பயணத்துக்கு முந்தைய நாளே வாங்க வேண்டும். மாணவியர் விடுதிகளில் மாலை வருகைப் பதிவு நேரம் கண்டிப்பானது. பேருந்து தாமதமானால் யார் வார்டனுக்குப் பேசுவார் என்பதை மன்றத்தில் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மாணவியர் செல்லும் பயணத்தில் ஆசிரியை ஒருவர் உடன் வருகிறாரா, வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பவையும் முன்பே கேட்கத்தக்க கேள்விகள்தாம். இவற்றைக் கேட்டால் முகம் சுளிக்கும் மன்றம் மாணவியரைக் கணக்கில் வைத்துத் திட்டமிடவில்லை என்று பொருள்.

வேலை நாளில் போகும் பயணத்துக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகப் பதிவது) கிடைக்குமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. துறைத் தலைவரின் கையொப்பம் பயணத்துக்கு முன்பே இருந்தால் கிடைக்கலாம். போய்வந்த பிறகு கேட்டால் கிடைப்பது அரிது. தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பதை நினைவில் வைத்து, ஓ.டி.யை நம்பி மற்ற நாள்களில் விடுப்பு எடுக்காதீர்கள்.

என்ன கொண்டு போவது

முதல் பருவத்தில் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட பழைய விளையாட்டுக் காலணி, கணுக்கால் வரை வரும் பருத்தி முழுக்கால்சட்டை, முழுக்கைச் சட்டை, தொப்பி அல்லது துண்டு, தோளில் மாட்டும் கல்லூரிப் பை ஆகியவை போதும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, வியர்த்தால் தொடை உராயும். புதுக் காலணியை முதல் முறையாக நடைக்கு அணிந்து வருபவருக்குக் குதிகாலில் கொப்புளம் நிச்சயம்.

அரைநாள் நடைக்கும் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கண்மாய் நீரையோ பாறைச் சுனை நீரையோ நம்ப முடியாது. உப்புச்சர்க்கரைக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இரண்டு பையில் இருக்கட்டும். ஒரு லிட்டருக்கு உரியதா, 200 மில்லிலிட்டருக்கு உரியதா என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும், அந்த அளவிலேயே கரைக்க வேண்டும். உணவுக்கு வீட்டுப் புளியோதரையை மிஞ்சியது எதுவும் இல்லை. வெயிலில் கெடாது, உப்பும் சேரும். விடுதி மாணவர்கள் கடலை மிட்டாயும் வாழைப்பழமும் வாங்கிக்கொள்ளலாம். காரைக்குடிக் கடைகளில் கிடைக்கும் தேன்குழலும் சீப்புச் சீடையும் பையில் நொறுங்கினாலும் சுவை கெடாது. தாகம் எடுக்கும் என்பதால் அவற்றைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்வது என் பழக்கம்.

பக்கத்திலேயே பழகும் இடங்கள்

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள திருமயம், புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம். 1687இல் சேதுபதி மன்னர் கட்டியதாகச் சொல்லப்படும் கோட்டை ஒரே பெரும்பாறையின் மேல் அமைந்திருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் நுழைவுச்சீட்டு, காவலர், திறப்பு மூடல் நேரம் எல்லாம் உண்டு. உச்சியில் பீரங்கி நிற்கும் மேடைவரை ஏறுவதற்குப் பெரிய பயிற்சி வேண்டியதில்லை. ஆனால் சரிந்த பாறையில் பாதத்தை முழுவதும் பதித்து நடப்பது எப்படி, இறங்கும்போது உடலைப் பின்னால் சாய்க்காமல் முழங்காலை மடக்கி வருவது எப்படி என்பதை இங்கேயே கற்றுக்கொள்ளலாம். காலை 8 மணிக்குக் கையை ஊன்றினால் இதமாக இருக்கும் அந்தப் பாறை, வெயில் காலத்தில் 11 மணிக்கெல்லாம் உள்ளங்கையைச் சுட்டு எடுத்துவிடும். எவ்வளவு சீக்கிரம் புறப்பட வேண்டும் என்பதை எந்த வகுப்பையும்விட அது நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறது.

குன்றக்குடி இன்னும் எளிது. சண்முகநாதர் கோயிலுக்குப் படிக்கட்டிலேயே ஏறிவிடலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பதால், மாணவியருக்கு இத்தகைய பக்கத்து நடைகளுக்கு ஆகும் செலவு சிற்றுண்டிக்கு மட்டும்தான். கோயில் குன்றுகளில் காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் உச்சி வெயிலுக்கு முன் இறங்கிவிடுமாறு திட்டமிடுங்கள்.

திருப்பத்தூர் வட்டத்தில் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிரம்பிய பிறகு, ஏறக்குறைய நவம்பர் முதல் பிப்ரவரி வரை, நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கருவேல மரங்களில் கூடுகட்டியிருக்கும். இங்கே நடை குறைவு, நிற்பது அதிகம். பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்களின் நடுவே நீங்கள் நிற்கிறீர்கள்; கைப்பேசியில் பாட்டு வைத்துக்கொண்டு போவது அந்த ஊருக்குச் செய்யும் அவமரியாதை. பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டைகளை அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

உண்மையான ஏற்றம் என்றால் அது பிரான்மலை. சிங்கம்புணரிப் பக்கம், ஏறக்குறைய 2,500 அடி உயரத்தில் எழும் இந்த மலைதான் பாரியின் பறம்பு மலை என்று வழிவழியாகச் சொல்லப்படுவது. அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றநாதர் கோயிலும் மேலே தர்காவும் இருப்பதால் இரு சமயத்தாரும் ஏறும் மலை. பாதை கற்களும் படிகளும் கலந்தது. பழகாதவருக்கு மூச்சு வாங்கும். முதல் பருவத்தில் இரண்டு மூன்று சிறு நடைகள் போனபின், டிசம்பர், ஜனவரியில், விடியற்காலையில் ஏறத் தொடங்குவதுதான் சரி. இதையே உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: பிரான்மலையில் ஏறி இறங்கிய மறுநாள் வகுப்புக்கு நொண்டாமல் வர முடிந்தால், கொடைக்கானல் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். இதற்கு அப்பால் நார்த்தாமலையும் சித்தன்னவாசலும் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கின்றன; இரண்டும் தொல்லியல் சின்னங்கள் உள்ள குன்றுகள் என்பதால் பாறையில் பெயர் கிறுக்குவது சட்டப்படி குற்றம்.

வெயில், பாம்பு, கண்மாய்

இந்த நிலத்தில் ஆபத்து உயரத்தால் வருவதைவிட வெயிலாலும் நீராலும் வருவதே அதிகம்.

வெயிலில் முதலில் தலைவலி, குமட்டல், கால் பின்னல் வரும். அந்த நிலையில் நிழலில் அமர்த்தி உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் சரியாகிவிடும். பேச்சு குழறி, தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் ஒருவர் உளறத் தொடங்கினால் அது வெப்பவாதம். வாயில் எதையும் ஊற்றாமல், சட்டையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் நனைத்து விசிறிக்கொண்டே 108க்கு அழைக்க வேண்டும். 'கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிரும்' என்று சொல்லும் சீனியரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு நச்சுப் பாம்புகளும் தமிழ்நாட்டுச் சமவெளிகளில் உண்டு. முள்காட்டில் காலை ஓங்கி வைத்து நடங்கள், கையில் ஒரு கம்பு வைத்துத் தரையைத் தட்டுங்கள், பாறை இடுக்கில் பார்க்காமல் கை வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் மரச்சட்டம் அல்லது குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போய், நச்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. அதனால் இரண்டாவது ஆளும் கடிபடுவதுதான் நடக்கும்.

மிகுந்த கண்டிப்போடு சொல்ல வேண்டியது கண்மாய்க் குளியல் பற்றி. மேலே பார்க்க முழங்கால் ஆழம் போலிருக்கும் கண்மாயில் மண் அள்ளிய பள்ளங்கள் இருக்கும். ஓர் அடி முன்னால் வைத்தால் ஆள் உயரத்துக்குத் தாழும், அடியில் சேறு காலைப் பிடிக்கும். நீச்சல் தெரிந்தவர்களையும் அது விடாது. நடையின்போது நீரில் இறங்கக் கூடாது என்ற விதி இல்லாத மன்றம் இருந்தால், அந்த விதியை முதல் கூட்டத்திலேயே நீங்கள் முன்மொழியுங்கள்.

பெரிய மலைக்குப் போகும்போது

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள். அதன் பிறகு அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. காட்டுப் பகுதியில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் குழுவை அழைத்துச் செல்வது சட்டத்துக்குப் புறம்பானது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 தடங்களை எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்து இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். காட்டுத்தீக் காலத்தில் தடங்கள் மூடப்படும். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தார்கள். எனவே தேர்வுக்கு முந்தைய மார்ச் மாத விடுமுறையில் மலைக்குப் போகலாம் என்று ஒரு மன்றம் அறிவித்தால், எந்தத் தடம், அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்பது உங்கள் கடமை. 'நமக்குத் தெரிஞ்ச ஃபாரஸ்ட் கார்டு ஒருத்தர் இருக்கார், பாத்துக்கலாம்' என்பது அனுமதி ஆகாது. பொறுப்பாசிரியரிடம் சீட்டின் நகலைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

வேனில் போவதானால் ஓட்டுநர் இரவு முழுவதும் ஓட்டிவிட்டுக் காலையில் மலைப்பாதையில் ஏறுகிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். காரைக்குடி சந்திப்பிலிருந்து திருச்சி சென்று, அங்கிருந்து கொடைரோடு வரை தொடர்வண்டியில் போய், மலைக்கு மட்டும் வண்டி வைப்பது மெதுவானதாகத் தோன்றினாலும் எனக்கு அதுவே பிடித்த வழி.

மன்றமே இல்லாத கல்லூரியில்

பல கல்லூரிகளில் இப்படி ஒரு மன்றமே இருக்காது. அப்போது மலையேற்ற மன்றம் தொடங்க வேண்டும் என்று மனு எழுதினால், முதல்வரின் மேசையில் ஆபத்து என்ற ஒரே சொல்லில் அது நின்றுவிடும். இயற்கை நடைக் குழு என்று எழுதுங்கள். ஆசிரியர் ஒருவரைப் பொறுப்பேற்கச் சம்மதிக்க வையுங்கள். விலங்கியல், தாவரவியல், வரலாறு, உடற்கல்வித் துறைகளில் இதற்கு ஆர்வமுள்ளவர் யாராவது இருப்பார். பத்துப் பதினைந்து மாணவர்களின் பெயர், ஒரு பருவத்துக்கான மூன்று நடைகளின் நாளும் இடமும் நேரமும், ஒவ்வொரு இடத்துக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பெயர், பெற்றோர் சம்மதக் கடிதத்தின் மாதிரி, முதலுதவிப் பயிற்சி பெற்ற இருவரின் பெயர் ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள். முதலுதவிப் பயிற்சிக்குக் கல்லூரியின் இளைஞர் செஞ்சிலுவைச் சங்க அலுவலரை அணுகலாம்.

மூன்று நடைகளில் முதலாவது திருமயமாக இருக்கட்டும். பேருந்து உண்டு, நுழைவுச்சீட்டு உண்டு, மதியத்துக்குள் திரும்பிவிடலாம், மறுக்க முதல்வருக்குக் காரணம் குறைவு. இரண்டாவது வேட்டங்குடி, நவம்பர் கடைசியில். மூன்றாவதாகப் பிரான்மலையை ஜனவரிக்கு எழுதி, முதலிரண்டும் முறையாக முடிந்தால் மட்டுமே என்று அதன் கீழே ஒரு குறிப்புச் சேருங்கள். மனுவை ஆகஸ்ட் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். செப்டம்பரில் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளும் அக்டோபரில் மழையும் தொடங்கிவிட்டால், கையொப்பத்துக்கு மேசை மேசையாக அலைய யாருக்கும் நேரம் இருக்காது.